மணிக்கு எவ்வளவு

ஆறு நிமிடத்தில் ஆறு கிரே.
ஆறு மணி நேரத்தில் ஆறு கிரே.
பதினாறு மணி நேரத்திலும் அதே ஆறு.
கூட்டல் கணக்கில் மூன்றும் ஒன்று.
சாவுக் கணக்கில் இல்லை.

ஹமில்டனில் பெப்ரவரி.
மலை என்று இவ்வூரார் சொல்லும் மேட்டிலிருந்து
பேருந்து சறுக்கிச் சறுக்கி இறங்கி
ஆய்வகத்தின் பின்கதவில் என்னை விடுகிறது.
நிலவறையில், குளிர்பெட்டி அளவு இயந்திரத்துக்குள்
ஈயத்தின் நடுவில் சீசியம்.
அதற்குக் காலை, மாலை, பனி, வேலைநிறுத்தம்
எதுவும் தெரியாது.
தகடுகளைக் கூட்டியும் குறைத்தும்
அதன் பேச்சை வேகமாகவோ மெதுவாகவோ
கேட்க வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கேட்பவை: பதினேழாம் எண் செல்கள்.
கருப்பை வாயில் வளர்ந்த கட்டியிலிருந்து
ஒப்புதல் கையெழுத்தோடு வந்தவை.
கையெழுத்து எங்கோ ஒரு கோப்பில்.
எனக்கு எண் மட்டும்.
சிலநேரம், அவள் இடக்கையால் எழுதுபவளா
என்று யோசிப்பேன்,
ஒரு காரணமும் இல்லாமல்.

பதினான்கு நாள் கழித்து
ஊதா மையில் குளிப்பாட்டி எண்ணுகிறோம்,
நானும் லொரெட்டாவும்.
ஐம்பது பேர் இருந்தால்தான் ஒரு குடி.
நாற்பத்தொன்பதை லொரெட்டா தாண்டிப் போவாள்.
நான் அங்கே சற்று நிற்பேன்.

ஆறு நிமிடத் தட்டில் ஒன்பது குடி.
ஆறு மணித் தட்டில் நாற்பத்தொன்று.
அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள்.
இங்கே, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில்
அம்மி தன்னைத் தானே கொத்திக்கொள்கிறது.
அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சிட
அவகாசம் கொடுத்தவள் நான்தான்.

அப்படியானால் பதினாறு மணித் தட்டில்
காடாய் மண்டியிருக்க வேண்டும்.
பதினேழு.
மறுபடி செய்தேன். பதினைந்து.
தட்டை மாற்றி, பேனாவை மாற்றி,
லொரெட்டாவை மட்டும் எண்ணச் சொல்லி: பதினெட்டு.

"பாடநூலில் இருக்கிறதே" என்றார் பேராசிரியர், நிமிராமல்.
இருக்கிறது. நானும் படித்திருக்கிறேன்.
வேகம் ஓர் அளவுக்குத் தணிந்தால்
செல்கள் இரண்டாகப் பிரியும் வாசலுக்கு முன்
தயங்கி நின்றுவிடும்;
கதிர் எளிதில் முறிக்கும் இடம் அதுதான்.
பின்னால் வருபவையும் அங்கேயே வந்து சேரும்.
வரிசை நீளும். தூறல் விடாது.
படித்தது வேறு.
நான் போர்வைக்குள் தூங்கிய இரவில்
என் தகடுகளின் கீழ் அந்த வரிசை நீண்டது வேறு.

லொரெட்டா பேனாவை மூடினாள்.
அவள் கணவர் சில்வானோவுக்குப் போன மாதம்
புரொஸ்டேட்டில் விதைகள் வைத்தார்கள்,
அரிசிமணி அளவு, கதிர் கசிபவை,
திரும்ப எடுக்கத் தேவையில்லாதவை.
இரண்டு மாதம் பேரனை மடியில் வைக்கக் கூடாதாம்.
பிள்ளை கையை நீட்டுகிறான்;
அவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்துகிறார்.
"அவருக்குள் மணிக்கு எவ்வளவு?"

இவை அவருடைய செல்கள் அல்ல,
வேறு உறுப்பு, வேறு ஆள் என்று
சொல்ல வேண்டும். சொன்னேன்.
"தெரியும். எவ்வளவு?"

காப்பிக் கடைத் துடைதாளில் போட்டுப் பார்த்தேன்.
மணிக்கு ஏழு சென்டிகிரே,
அதுவும் நாளுக்கு நாள் குறையும்.
என் வரைபடத்தில் விரலை இடப்பக்கம் நகர்த்தினேன்.
கடைசிப் புள்ளி முடிந்தது. கோடு முடிந்தது.
தாளின் விளிம்பும் முடிந்து
விரல் மேசையில் நின்றது.
"இங்கே எங்கோ" என்றேன்.
அந்த இடத்தை அவள் பார்த்தாள்.
மரம். ஒரு காப்பிக் கறை.

அதே ஆறு கிரேயை அந்த வேகத்தில் கொடுக்க
எண்பத்தாறு மணி நேரம்.
வெள்ளி மாலை ஆறு முதல் செவ்வாய்க் காலை எட்டு வரை.
வரும் திங்கள் குடும்ப தின விடுமுறை;
இயந்திரத்தை வேறு யாரும் கேட்க மாட்டார்கள்.

பதிவேட்டில் நான்கு இரவுக்கும் என் பெயரை எழுதினேன்.
லொரெட்டா அதை இழுத்து
கீழே தன் பெயரையும் எழுதினாள்.
பிறகு இருவருமாய்
இருப்பதிலேயே தடித்த ஈயத்தகட்டைத் தூக்கினோம்.
கை நடுங்கும் கனம்.
"மெதுவாக" என்றாள்,
"மெதுவாக வை."